கியூஃபீல்டு செயலி: சுரங்க ஓரத்துத் தாவரக் கணக்கெடுப்பில் கைகொடுக்கும் இடமும் காலை வாரும் இடமும்

சுரங்கத்தைச் சுற்றியுள்ள இயல் தாவரங்களைக் கணக்கெடுப்பது கேட்க எளிமையான வேலை. பிளாட் (அளந்து குறித்த சதுர நிலத்துண்டு) போட வேண்டும், அதில் என்னென்ன செடி, எவ்வளவு பரப்பு, எவ்வளவு உயரம் என்று எழுத வேண்டும். அடுத்த வருடம் அதே இடத்துக்கு வந்து அதையே திரும்பச் செய்ய வேண்டும். சிக்கல் எல்லாம் அந்த "அதே இடம்", "அதையே" என்ற இரண்டு சொற்களில் இருக்கிறது. கியூஃபீல்டு இரண்டாவதை நன்றாகத் தீர்க்கிறது. முதலாவதைத் தீர்ப்பது போலத் தோற்றம் காட்டுகிறது. இந்த மதிப்புரையின் சாரம் அவ்வளவுதான், மற்றது எல்லாம் விவரம்.

முதலில் இது என்ன என்று தெரியாதவர்களுக்கு: கியூஃபீல்டு ஒரு திறமூலச் செயலி, சுவிட்சர்லாந்தின் ஓப்பன்ஜிஐஎஸ் நிறுவனம் உருவாக்கியது. ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ், விண்டோஸ் மூன்றிலும் ஓடும். செயலிக்குக் காசு கிடையாது. மேசைக் கணினியில் கியூஜிஐஎஸ் மென்பொருளில் வரைபடத்தையும் ஃபார்மையும் தயார் செய்து, கியூஃபீல்டு-சிங்க் என்ற பிளகின் (கூடுதல் நிரல்) வழியாகப் பொட்டலம் கட்டிக் கைபேசிக்கு அனுப்ப வேண்டும். களத்தில் இணையம் இல்லாவிட்டாலும் வேலை நடக்கும். கேபிள் தொல்லை வேண்டாம் என்பவர்களுக்குக் கியூஃபீல்டு-கிளவுட் உண்டு, அதில் சிறு அளவு இலவசம், மேலே போனால் கட்டணம்.

ஆக, செயலியை இறக்கியவுடன் வேலையைத் தொடங்க முடியாது. கியூஜிஐஎஸ் தெரிந்த ஒருவர் குழுவில் கட்டாயம் வேண்டும். அப்படி யாரும் இல்லையென்றால் கோபோ டூல்பாக்ஸ் பக்கம் போவது உத்தமம். எக்செல் தாளில் கேள்விகளை அடுக்கினால் அங்கே ஃபார்ம் தயாராகிவிடும்.

ஃபார்ம் எப்படி இருக்க வேண்டும்

இந்தச் செயலியின் உயிர் ஃபார்மில் இருக்கிறது. இரண்டு அடுக்கு போதாது, மூன்று வேண்டும். மேலே பிளாட்: குறியீடு, தேதி, எழுதியவர், சரிவு, சரிவு நோக்கும் திசை, மண், இடையூறு, கடைசி மழைக்குப் பின் எத்தனை நாள், நான்கு மூலைப் படங்கள். அதற்குக் கீழே செடி: பெயர், அடுக்கு (மரமா புதரா புல்லா), கவர் (செடி மூடும் பரப்பு) சதவீதம், உயரம், பூவா காயா வெறும் இலையா, இயலா அயலா, வவுச்சர் (சேகரித்த செடி மாதிரி) எண். அதற்கும் கீழே மரம்: ஒவ்வொரு தண்டின் மார்பளவுச் சுற்றளவு. மார்பளவு என்பதை 1.3 மீட்டர் என்று வைப்பவர்களும் உண்டு, 1.37 மீட்டர் என்று வைப்பவர்களும் உண்டு. எதை எடுத்தாலும் அதை ஃபார்மின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள்.

மூன்று அடுக்கையும் கட்டிப்போடும் கயிறு அடையாள எண். புதிதாகச் செய்பவர்கள் எல்லாரும் விழும் குழி இதுதான். பதிவுகள் சேரும் ஜியோபேக்கேஜ் கோப்பு தானாகவே 1, 2, 3 என்று ஒரு வரிசை எண் கொடுக்கும். அதையே பிளாட்டுக்கும் செடிக்கும் இடையிலான தொடர்பாகப் பயன்படுத்தினால் ஒரு கைபேசியில் எந்தக் குறையும் தெரியாது. இரண்டு குழு இரண்டு கைபேசியில் போய்வந்து சேர்க்கும்போது, இரண்டிலும் 7 என்ற பிளாட் இருக்கும். ஒன்றுக்குப் புது எண் விழும், அதன் செடிகள் இன்னொரு பிளாட்டுக்குத் தத்துப் போய்விடும். எந்த எச்சரிக்கையும் வராது. மேல்மண் டம்ப் (ஒதுக்கிக் கொட்டிய மண்குவியல்) மீது எழுதிய களைகள் தொடாத காட்டுப் பிளாட்டில் உட்கார்ந்திருக்கும், அறிக்கை எழுதும்போதுதான் கண்ணில் படும், அதுவும் பட்டால். எனவே தொடர்புக்கு யூயூஐடி (எந்தக் கைபேசியிலும் இன்னொன்றோடு மோதாத நீண்ட அடையாளக் குறி) புலம் வையுங்கள். அதன் இயல்பு மதிப்பாக யூயூஐடி ஃபங்ஷனைக் கொடுத்து, ஃபார்மில் அந்தப் புலத்தை மறைத்துவிடுங்கள். மனிதர்கள் படிக்கும் பிளாட் குறியீடு தனியாக இருக்கட்டும்.

இதே இடத்தில் இன்னொரு கண்ணி. இயல்பு மதிப்புக்குப் பக்கத்தில் "திருத்தும்போதும் இடு" என்று ஒரு டிக் இருக்கும். தேதிப் புலத்தில் அதைத் தட்டிவிட்டால், அலுவலகத்தில் எழுத்துப்பிழை திருத்தும் அன்றைய தேதியே கணக்கெடுத்த தேதி ஆகிவிடும். யூயூஐடி புலத்தில் தட்டிவிட்டால் இன்னும் மோசம், பிளாட்டைத் திருத்தியதும் அதன் செடிகள் எல்லாம் அனாதை. இரண்டிலும் டிக் கூடாது. திருத்திய தேதி வேண்டுமென்றால் அதற்குத் தனிப் புலம் வைத்து, அதில் மட்டும் டிக் போடலாம்.

கட்டுப்பாடுகள் விஷயத்தில் ஆர்வக்கோளாறு வேண்டாம். கடுமையான கட்டுப்பாடு போட்டால் நிறைவேறும்வரை சேமிக்க விடாது. மென்மையான கட்டுப்பாடு ஆரஞ்சு நிறத்தில் எச்சரித்துவிட்டு வழிவிடும். பிளாட் ஃபார்மில் "முடித்த நேரம்" கட்டாயம் என்று வைத்துப் பாருங்கள். செடியைச் சேர்க்கும் முன் பிளாட்டைச் செயலி சேமித்தாக வேண்டும். சேமிக்க முடித்த நேரம் வேண்டும். அது செடிகளை எழுதிய பிறகுதானே தெரியும்! களத்தில் என்ன செய்வார்கள், ஏதோ ஒரு நேரத்தைப் போட்டுவிட்டு நகர்வார்கள். கட்டாயப் புலம் என்பது பொய்யை வரவழைக்கும் வாசல். பிளாட் குறியீடு, செடி பெயர், கவர் இந்த மூன்றைத் தவிர எதையும் கடுமையாகப் பூட்டாதீர்கள்.

கவர் கூட்டுத்தொகை 100க்குள் இருக்க வேண்டும் என்று விதி வைப்பவர்களும் உண்டு. அது தவறு. மரத்தடியில் புதர், புதருக்கடியில் புல் என்று அடுக்கடுக்காக நிற்கும் காட்டில் கூட்டுத்தொகை 100ஐத் தாண்டத்தான் செய்யும். ஒரு செடியின் கவர் 0க்கு மேல் 100க்குள் என்பது மட்டும் போதும். சுற்றளவில் மென்மையான எச்சரிக்கை வையுங்கள்: 300 சென்டிமீட்டரைத் தாண்டினால் ஆரஞ்சு. 62.8 என்று தட்ட நினைத்தது 628 ஆவது அடிக்கடி நடக்கும். விட்டத்தை ஃபார்மே கணக்கிடட்டும். 62.8 சென்டிமீட்டர் சுற்றளவு என்றால் 20 சென்டிமீட்டர் விட்டம். ஆனால் நேரடியாக விட்டம் காட்டும் டேப்பைக் குழுவில் ஒருவர் வைத்திருந்தால் இந்தக் கணக்கு முழுக்க மண். எந்த டேப் என்று ஒரு புலம் வையுங்கள், அல்லது ஒரே வகை டேப்பை எல்லாருக்கும் கொடுங்கள். இரண்டாவதே மேல்.

கவர் சதவீதத்தைக் கண் மதிப்பில் போடும்போது கை நடுங்காமல் இருக்க ஒரு சின்ன உதவியை ஃபார்மிலேயே எழுதி வைக்கலாம். 20க்கு 20 மீட்டர் பிளாட் என்றால் 400 சதுர மீட்டர். 1 சதவீதம் என்பது 2 மீட்டருக்கு 2 மீட்டர் பாய் விரித்த அளவு. 5 சதவீதம் 20 சதுர மீட்டர், பிளாட்டின் ஒரு பக்கம் நெடுக 1 மீட்டர் அகலப் பட்டை. 0.1 சதவீதம் ஒரு செய்தித்தாளை முழுதாக விரித்ததைவிடக் கொஞ்சம் கூடுதல். இந்த மூன்று வரி உதவிக்குறிப்பு ஃபார்மில் இருந்தால் இரண்டு பேர் போடும் எண்கள் நெருங்கி வரும். கவரை வகுப்புகளாகப் பிரிக்கும் பிரான்-பிளாங்கே அளவுகோல் கேட்கிறார்களா, சதவீதத்தை எழுதிவிட்டு வகுப்பை ஃபார்ம் கணக்கிடட்டும்: 5க்குக் கீழ் 1, 25 வரை 2, 50 வரை 3, 75 வரை 4, அதற்கு மேல் 5. சதவீதத்திலிருந்து வகுப்புக்குப் போகலாம், திரும்பி வர முடியாது.

செடிப் பெயர்ப் பட்டியல்

பெயரைத் தட்டச்சு செய்ய விடவே கூடாது. தனி அட்டவணையில் பட்டியலை வைத்து, ஃபார்மில் தேடித் தேர்ந்தெடுக்கும் புலமாக இணைக்க வேண்டும். தேடுவதற்குப் பேரினத்தின் முதல் மூன்று எழுத்தும் சிற்றினத்தின் முதல் மூன்று எழுத்தும் சேர்ந்த குறியீடு வசதி. ஆனால் இரண்டு செடிக்கு ஒரே ஆறெழுத்து வந்து முட்டும், பட்டியல் தயாரிக்கும்போதே அதைச் சலித்துவிடுங்கள். ஒரு நாட்டின் முழுத் தாவரப் பட்டியலையும் கைபேசியில் ஏற்றுவது வீண். அந்தச் சுரங்கப் பகுதியில் பழைய கணக்கெடுப்புகளில் வந்தவை, ஹெர்பேரியப் (உலர்செடிக் காப்பகம்) பதிவில் இருப்பவை, வரக்கூடிய களைகள் என்று சில நூறு பெயர்கள் போதும். குறுகிய பட்டியலில் ஒரு ஆபத்தும் உண்டு, பட்டியலில் இல்லாத செடியை இருக்கிற ஏதோ ஒன்றில் அடைக்கத் தோன்றும். அதனால் "பெயர் தெரியாதது" என்ற தேர்வு பட்டியலின் தலையில் நிற்க வேண்டும். அதைத் தட்டியதும் வவுச்சர் எண், படம், குறிப்பு என்று மூன்று புலம் திறக்கும்படி நிபந்தனை வைக்கலாம். கியூஜிஐஎஸ்ஸில் வைத்த இந்த நிபந்தனையைச் செயலி ஒழுங்காக மதிக்கிறது.

தற்காலிகப் பெயரில் ஒழுங்கு வேண்டும். "தெரியாத புல் 1" என்று இரண்டு குழுவும் எழுதினால் இரண்டு வெவ்வேறு புல் ஒன்றாகிவிடும். சேகரிப்பவரின் முன்னெழுத்தும் ஓடும் எண்ணும் சேர்ந்த வவுச்சர் எண்தான் பெயர். அதே எண் செடியை அழுத்தும் செய்தித்தாளின் ஓரத்திலும் பென்சிலால் எழுதப்பட வேண்டும். பேனா மை ஈரத்தில் ஊறிவிடும்.

பெயர்கள் மாறும் என்பதையும் மறக்கக் கூடாது. சீமைக் கருவேலத்தைப் புரோசோபிஸ் ஜூலிஃப்ளோரா என்றே எல்லாரும் எழுதிவந்தோம். 2022இல் அந்தப் பேரினத்தைப் பிரித்து நெல்டுமா ஜூலிஃப்ளோரா ஆக்கினார்கள். பழைய கணக்கெடுப்பில் ஒரு பெயர், புதியதில் இன்னொன்று என்றால் ஒரு களை அழிந்து வேறொரு களை வந்தது போலக் கணக்கு காட்டும். களத்தில் எழுதிய பெயர் ஒரு புலம், இன்றைக்கு ஏற்கப்பட்ட பெயர் இன்னொரு புலம். இரண்டாவது பெயர் அட்டவணையில் இருக்கட்டும், பதிவில் குறியீடு மட்டும் போதும். இயலா அயலா என்பதும் அப்படியே, அட்டவணையிலிருந்து வரட்டும். களத்தில் நிற்பவரின் தீர்ப்புக்கு அதை விடக் கூடாது. படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும் பிளான்ட்நெட் போன்ற செயலிகளைத் தேடும் வட்டத்தைக் குறுக்க வைத்துக்கொள்ளலாம். பூ காய் இல்லாத புல்லில் அவற்றின் பதிலை எழுதிவைப்பது வம்பு.

ஒரு சின்ன வசதி பெரிய வினையாகும் இடம் இது: புலத்துக்குப் பக்கத்தில் "முந்தைய மதிப்பை நினைவில் வை" என்ற டிக். எழுதியவர் பெயருக்கும் அடுக்குக்கும் அருமை. கவருக்கு வைத்தால் முந்தைய செடியின் 15 சதவீதம் அடுத்த செடியிலும் தானாக உட்கார்ந்திருக்கும். வெயிலில் 40ஆவது செடியை எழுதுகிறவர் அதைக் கவனிக்க மாட்டார். ஒரே பிளாட்டில் வரிசையாக ஒரே எண் வந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

"அதே இடம்" என்ற மாயை

இனி செயலி காலை வாரும் பகுதி. கைபேசி ஜிபிஎஸ் திறந்தவெளியில் சுமார் 5 மீட்டர் பிசகும். மரத்தடியில், குழியின் உயரமான வெட்டுச் சுவரோரத்தில் இன்னும் கூடும். சுவரில் பட்டுத் திரும்பும் அலைகள் கருவியை ஏமாற்றும். 5 மீட்டர்தானே என்று தோன்றும். 20 மீட்டர் பிளாட் கிழக்கில் 5 மீட்டர் நகர்ந்தால் பழைய பரப்பில் 75 சதவீதம்தான் புதியதில் விழும். வடக்கிலும் 5 மீட்டர் நகர்ந்தால் 15க்கு 15, அதாவது 225 சதுர மீட்டர், 56 சதவீதம். மீதி 44 சதவீதம் வேறு நிலம். அங்கே புதிதாகத் தெரியும் செடி சுரங்கத்தால் வந்ததா, பிளாட் நகர்ந்ததால் வந்ததா? யாராலும் சொல்ல முடியாது.

செயலியில் இதற்குச் சில தற்காப்புகள் உண்டு. துல்லியம் இத்தனை மீட்டருக்கு மேல் போனால் புள்ளி வைக்கவே விடாதபடி அமைக்கலாம். குறைந்தபட்சம் இத்தனை அளவீடுகளின் சராசரியை எடு என்றும் வைக்கலாம். இரண்டையும் போடுங்கள். ஆனால் சராசரி என்பது சிதறலைக் குறைக்குமே தவிர, வெட்டுச் சுவரில் பட்டு வரும் ஒருபக்கப் பிழையைக் குறைக்காது. 1 நிமிடம் நின்றாலும் 5 நிமிடம் நின்றாலும் அதே பக்கம்தான் இழுக்கும். ப்ளூடூத்தில் வெளி ஜிஎன்எஸ்எஸ் (செயற்கைக்கோள் இடங்காட்டி) கருவியை இணைக்கும் வசதி நன்றாக வேலை செய்கிறது. திருத்தத் தரவு வரும் கருவி என்றால் சென்டிமீட்டர் கணக்கில் பேசலாம்.

அது இல்லாவிட்டால் தீர்வு இரும்பில் இருக்கிறது. நான்கு மூலையிலும் முளை அடியுங்கள். ஒரு மூலையில் குறியீடு பொறித்த அலுமினியத் தகடு. செயலியை 5 மீட்டர் கிட்டே கொண்டுபோய் விடும் வழிகாட்டியாக மட்டும் வையுங்கள். பழைய புள்ளியைச் சேருமிடமாகக் குறித்தால் தூரமும் திசையும் காட்டி நடத்திச் செல்லும், அந்த அளவில் அருமையான கருவி. சதுரம் சரியா என்று பார்க்க மூலைவிட்டம் இரண்டும் 28.28 மீட்டர் வர வேண்டும். சரிவில் டேப்பைத் தரையோடு விரித்தால் பிளாட் சுருங்கும். 20 பாகைச் சரிவில் 20 மீட்டர் டேப் என்பது கிடைமட்டத்தில் 18.8 மீட்டர்தான். 21.3 மீட்டர் விரித்தால் கணக்கு சரியாகும்.

குறுக்குக்கம்பி பூட்டு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், அவ்வளவு பேர் இதில் வழுக்குகிறார்கள். புள்ளி வைக்கும்போது திரையின் நடுவில் ஒரு குறி இருக்கும். அது ஜிபிஎஸ் நிலையோடு பூட்டியிருந்தால் நிற்கும் இடத்தில் புள்ளி விழும். வரைபடத்தை விரலால் கொஞ்சம் நகர்த்தினால் பூட்டு விடுபடும், புள்ளி திரையின் நடுவில் எந்த இடமோ அங்கே விழும். கேவலம் என்னவென்றால், துல்லியம் என்ற புலத்தில் அப்போதும் ஜிபிஎஸ்ஸின் 3 மீட்டர் என்றே பதியும். புள்ளி 80 மீட்டர் தள்ளிக் கிடக்கும், பதிவு பார்க்கப் பளபளப்பாக இருக்கும். செயலியில் நிலை பூட்டப்பட்டிருக்கிறதா என்று சொல்லும் ஒரு மாறி உண்டு. துல்லியப் புலத்தின் இயல்பு மதிப்பில் அதைச் சேர்த்து, பூட்டாதபோது "கையால் வைத்தது" என்று விழும்படி எழுதிவிடுங்கள். ஒரு வரி வேலை, பல நாள் தலைவலி மிச்சம்.

சுரங்கத்துக்கே உரிய தொல்லைகள்

சுரங்க நில அளவைப் பிரிவு கொடுக்கும் வரைபடம் பெரும்பாலும் அவர்களுடைய சொந்தக் கிரிட்டில் (ஆயக் கட்டத்தில்) இருக்கும். தாதுப் படுகையின் போக்குக்கு ஏற்ப வடக்கையே திருப்பி வைத்த கிரிட்டும் உண்டு. அந்தக் கோப்பைக் கியூஜிஐஎஸ்ஸில் இழுத்துப் போட்டால் கடலுக்குள்ளோ பூமத்திய ரேகையிலோ போய் விழும். விழுந்தால் நல்லது, தவறு தெரிந்துவிடும். கண்ணளவில் நகர்த்திப் பொருத்துவதுதான் கெடுதல். பொருந்தியது போல இருக்கும், திருகல் அப்படியே நிற்கும், குழியிலிருந்து தூரம் போகப் போகப் பிசகு வளரும். அவர்களிடமே பொதுவான ஆய அமைப்புக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். பிறகு ஒன்றுக்கொன்று தொலைவான இரண்டு இடங்களில், சாலைச் சந்திப்பு ஒன்று, வேலி மூலை ஒன்று என்று, தரையில் நின்று சரிபாருங்கள். ஆதாரம் (டேட்டம், அதாவது ஆயங்களை அளக்கும் அடிப்படை) எந்த ஆண்டினது என்றும் கேளுங்கள். ஆஸ்திரேலியாவில் 1994 ஆதாரத்துக்கும் 2020 ஆதாரத்துக்கும் இடையே சுமார் 1.8 மீட்டர் வித்தியாசம், கண்டமே நகர்ந்துகொண்டிருப்பதால்.

இரும்புத்தாதுப் பகுதியில் கைபேசித் திசைகாட்டியை நம்ப வேண்டாம், காந்தக்கல் உள்ள பாறை ஊசியை இழுத்துக்கொண்டு போகும். பக்கத்தில் வண்டி நின்றாலும் அப்படித்தான். பிளாட்டின் பக்கங்களைத் திசைகாட்டியில் வைத்துப் பிடிக்காமல், வெளிக் கருவியால் இரண்டு மூலையைக் குறித்து, மற்றதை டேப்பால் கட்டுவது பத்திரம்.

வெடி வைக்கும் நாளில் எங்கே போகக் கூடாது என்பதைச் செயலியின் ஜியோஃபென்ஸ் வசதியில் ஏற்றலாம். பரப்புக்குள் நுழைந்தால் எச்சரிக்கும். உருப்படியான வசதிதான். ஆனால் ஜிபிஎஸ் பிசகையும் சேர்த்துப் பரப்பைத் தாராளமாக வரைய வேண்டும், சுரங்கத்தின் அனுமதிச் சீட்டுக்கும் வாக்கிடாக்கி அறிவிப்புக்கும் இது மாற்று ஆகாது. மின்வெடிப்பிகள் உள்ள இடத்தில் அலைபரப்பும் கருவிகளுக்கே தடை இருக்கும். கைபேசியை வண்டியில் வைத்துவிட்டுப் போக வேண்டிய பிளாட்டுகளுக்கு அச்சிட்ட தாளைக் கையோடு வைத்திருங்கள்.

தூசிப் படிவைப் பதிவது பலரும் விட்டுவிடும் விஷயம். லாரிச் சாலையோரச் செடிகளில் தூசி இலைத்துளையை அடைக்கிறது, ஒளி விழுவதைக் குறைக்கிறது. இலையை விரலால் தடவி 0 முதல் 4 வரை மதிப்பிடும் ஒரு புலம் போதும். மழை பெய்தால் கழுவிப் போகும் என்பதால்தான் கடைசி மழை நாளை மேலே கேட்டோம். அது இல்லாத தூசி எண் அர்த்தமற்றது. பிளாட்டுகளைச் சாலையிலிருந்து 100, 200, 300 என்று சம இடைவெளியில் வைப்பதைவிட 10, 30, 100, 300, 1000 மீட்டர் என்று விரிய வைப்பது பொருத்தம், விளைவு சாலையோரத்தில் வேகமாக மாறுவதால். காற்று வரும் பக்கம் ஒரு வரிசை, போகும் பக்கம் ஒரு வரிசை. இவற்றோடு அதே மண், அதே சரிவு கொண்ட, தூசி எட்டாத ஒப்பீட்டுப் பிளாட்டுகள். இவற்றையும் வேலை தொடங்கும் முன்பே ஒருமுறை எழுதியிருக்க வேண்டும். எழுதாமல் விட்டதைப் பிறகு எந்தச் செயலியும் ஈட்டித் தராது.

டிரோன் படத்தைப் பின்னணியாக வைக்க ஆசை வரும். 1 சதுர கிலோமீட்டரை 5 சென்டிமீட்டர் துல்லியத்தில் எடுத்தால் 40 கோடிப் புள்ளிகள், மூன்று நிறத்துக்கும் சேர்த்துச் சுருக்காமல் 1.2 ஜிபி. அதை அப்படியே ஏற்றினால் வரைபடத்தை நகர்த்தும் ஒவ்வொரு முறையும் கைபேசி மூச்சு வாங்கும். ஜேபெக் முறையில் சுருக்கி, பிரமிடு அடுக்குகள் (படத்தின் சிறிதாக்கிய நகல்கள்) கட்டி ஏற்றினால் வழுக்கிக்கொண்டு போகும். தரையில் தெரியாத விவரம் படத்தில் தெரியப் போவதில்லை என்றால் 20 சென்டிமீட்டருக்குக் குறைத்துவிடுங்கள்.

மறுவருகையில்தான் அதன் அருமை

கோபோ, ஓடிகே வகைச் செயலிகளில் புதிதாக எழுதுவது எளிது. சர்வே123 செயலி எஸ்ரி நிறுவனத்தின் உரிமம் வைத்திருப்பவர்களுக்குக் கச்சிதம். இவற்றைத் தாண்டிக் கியூஃபீல்டு நிற்பது, போன வருடத் தரவு முழுவதையும் வரைபடத்தோடு கையில் எடுத்துப் போக முடிவதில். பிளாட்டைத் தட்டினால் முந்தைய செடிகள், முந்தைய மூலைப் படங்கள். படத்தைப் பார்த்து அதே மூலையில் நின்று அதே கோணத்தில் எடுக்கலாம். போன தடவை இருந்த செடி இப்போது காணோமா என்று அந்த இடத்திலேயே தேடலாம். இதே கியூஜிஐஎஸ் வழியில் இயங்கும் மெர்ஜின் மேப்ஸும் இதைச் செய்யும். ஒத்திசைவு அங்கே கொஞ்சம் எளிமை, ஃபார்மைக் குடையும் சுதந்திரம் இங்கே கொஞ்சம் கூடுதல் என்பது எங்கள் கணிப்பு. ஒரு எச்சரிக்கை: பழைய பட்டியலைப் பார்த்துக்கொண்டே எழுதினால் கண் அதையே தேடும், புதியதைத் தவறவிடும். முதலில் புதிதாக எழுதி முடித்து, பிறகுதான் பழையதைத் திறக்க வேண்டும். அதைத் தனித் தாவலில் ஒதுக்கி வைத்தால் கை தவறாது.

அரிய செடி தேடி நடக்கும் நாளில் தடப் பதிவையும் போட்டுக்கொள்ளுங்கள். எங்கெல்லாம் தேடியும் கிடைக்கவில்லை என்பதற்கு அந்தக் கோடுதான் சாட்சி. பேட்டரி கரையும், வெயிலில் திரையை முழு வெளிச்சத்தில் வைப்பதால் இன்னும் வேகமாக. 10,000 எம்ஏஎச் பவர்பேங்க் ஒன்று பையில் இருக்கட்டும். கைபேசி சூடேறினால் தானாகவே திரையை மங்கலாக்கும், கறுப்பு உறையைக் கழற்றிவிட்டு நிழலில் பிடிப்பதைத் தவிர வழியில்லை. சார்ஜ் துளைக்குள் சுரங்கத் தூசி அடைந்தால் கேபிள் பிடிக்காது, ரப்பர் மூடி உள்ள கைபேசியாகப் பார்த்து வாங்குங்கள்.

தரவு தொலையும் வழிகள்

கேபிள் வழியாக வேலை செய்பவர்கள் கவனிக்க வேண்டியது. ஆண்ட்ராய்டில் செயலி தன் கோப்புகளைத் தனக்கான உள் கோப்புறையில் வைக்கிறது. வெளியிலிருந்து திட்டத்தை இறக்கும்போது அங்கே ஒரு நகல் உருவாகும், எழுதுவது எல்லாம் அந்த நகலில். மூலக் கோப்புறையைத் திறந்து "ஒன்றுமே பதியவில்லை" என்று பதற வேண்டாம். உள்ளே இருப்பதைச் செயலியிலிருந்தே வெளியே ஏற்றுமதி செய்ய வேண்டும். செயலி அடம்பிடிக்கிறது என்று நீக்கிவிட்டு மறுபடி நிறுவினால் அந்த உள் கோப்புறையும் சேர்ந்து போய்விடும், அன்றைய தரவோடு.

திட்டம் திறந்திருக்கும்போது ஜியோபேக்கேஜ் கோப்பை நகலெடுப்பதும் அப்படித்தான். பக்கத்திலேயே வால் (-wal), எஸ்எச்எம் (-shm) என்ற முடிவோடு இரண்டு துணைக் கோப்புகள் இருக்கும். கடைசியாக எழுதியவை இன்னும் அந்த முதல் துணைக் கோப்பில் இருக்கலாம். முதன்மைக் கோப்பை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தால் மாலை எழுதிய பிளாட்டுகள் வராது. செயலியில் திட்டத்தை மூடிவிட்டு, முழுக் கோப்புறையையும் நகலெடுங்கள். படங்கள் டிசிஐஎம் என்ற உட்கோப்புறையில் தனியாகக் கிடக்கும். அட்டவணையில் இருப்பது பாதை மட்டும்தான், அந்தக் கோப்புறையை விட்டுவிட்டால் படப் புலம் எல்லாம் வெற்றுச் சட்டம். படத்தின் அதிகபட்ச அளவைப் பிளகினில் குறைத்து வைத்தால் ஒத்திசைவு விரைவாகும். மூலைப் படத்துக்கு அது சரி. பெயர் தெரியாத செடியின் பூவுக்குக் குறைக்காதீர்கள், மகரந்தத்தாளை எண்ண வேண்டி வரும்.

எந்தச் செயலியானாலும் நீர் புகாத ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் பையில் வேண்டும். பிளாட் குறியீடு, ஆரம்பித்த நேரம், செடிகளின் எண்ணிக்கை, வவுச்சர் எண்கள். நான்கே விவரம், பிளாட்டுக்கு ஒரு வரி. மாலையில் நோட்டில் 34 செடி, செயலியில் 31 என்றால் அன்றைக்கே தெரிந்துவிடும், முளைகளும் டேப்பும் இன்னும் வண்டியில் இருக்கும்போதே.